பிழை எவருடையது?

நுழையும்முன்

குழந்தை நடக்கப் பழகுவதும் பேசப் பழகுவதும் விளையாட்டின் வழியேதான். பல்லாங்குழி எண்ணிக்கையைக் கற்பித்தது. தாயம் காத்திருக்கக் கற்பித்தது. பாண்டி உடலின் சமநிலையைக் கற்பித்தது. இன்று விளையாட்டு திரைக்குள் குடிபுகுந்துவிட்டது. அத்திரை எல்லாரையும் ஒன்றுபோல வரவேற்கிறதா? அறிவுசார் குறைபாடுடைய ஒருவர் விளையாட்டில் தோற்கும்போது, தோற்றவர் அவரா, அவ்விளையாட்டை வடிவமைத்தவரா? இவ்வினாவுக்கான விடையைத் தொழிற்சாலை ஒன்றின் பணிமேசையிலிருந்து தேடத் தொடங்குகிறது இக்கட்டுரை.

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்பெரும்புதூர். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த இப்பகுதி, முப்பது ஆண்டுகளுக்குள் நாட்டின் முதன்மையான தொழில் வழித்தடங்களுள் ஒன்றாக மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் ஆலையும் 2012இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும் திறக்கப்பட்டன. சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஆலைகளில் கைப்பேசிகள் உருவாகின்றன.

இத்தகைய ஆலைகளின் பணிமேசைகளைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் வடிவம் வரையப்பட்டிருக்கும். எடுத்த கருவியை மீண்டும் எங்கு வைப்பது என்று எவரும் தேட வேண்டியதில்லை. உதிரிப் பாகங்கள் வண்ணம் பிரித்த பெட்டிகளில் இருக்கும். அடுத்து எடுக்க வேண்டிய பாகம் எதுவோ, அப்பெட்டியின்மேல் சிறு விளக்கு ஒளிரும். பாகத்தைத் திருப்பிப் பொருத்த முயன்றால் அது தாங்கியில் உட்காராது. செய்முறை விளக்கம் சொற்களால் மட்டுமன்றிப் படங்களாலும் அமைந்திருக்கும். ஐயம் எழுந்தால் உதவிக்கு அழைக்க ஒரு பொத்தான் இருக்கும்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? பணிபுரிவோர் திறமையற்றவர் என்பதற்காகவா? இல்லை. எவருக்கும் கவனம் சிதறும். எவருக்கும் களைப்பு வரும். எவருக்கும் மறதி உண்டு. மனித இயல்பை மாற்ற முயல்வதைவிட, பிழை நேராதபடி பணியை அமைப்பதே அறிவுடைமை என்று தொழில்துறை கற்றுக்கொண்டுவிட்டது.

அவ்வாலைகளைச் சூழ்ந்த ஊர் ஒன்றில், அறிவுசார் குறைபாடுடைய பதினேழு வயது இளைஞர் ஒருவர் கைப்பேசியைக் கையில் எடுப்பதாகக் கொள்ளலாம். அவர் ஒரு விளையாட்டைத் திறக்கிறார். திரையில் ஒரே நேரத்தில் பத்துப் பொருள்கள் அசைகின்றன. மேலே நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. எழுத்துகள் தோன்றி, படிக்கும் முன்னரே மறைகின்றன. என்ன செய்வது என்று அவர் எண்ணி முடிப்பதற்குள் திரை சிவந்து, தோல்வியை அறிவிக்கிறது. மூன்று முறை முயன்றபின் அவர் கைப்பேசியைக் கீழே வைக்கிறார். கைப்பேசியின் உடலைப் பொருத்துவோர்க்குக் கிடைத்த பிழைத்தடுப்பு, அக்கைப்பேசிக்குள் விளையாடுவோர்க்குக் கிடைக்கவில்லை.

சிறு தட்டும் இரண்டு சுருள்வில்லும்

பிழைத்தடுப்பு என்னும் கருத்துக்குத் தொழில்துறையில் உருக்கொடுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1961இல் யமாடா மின்கருவி ஆலைக்கு அவர் சென்றபோது, அங்கு ஒரு சிக்கல் நிலவியது. சிறிய மின்விசை ஒன்றில் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுருள்வில் வைக்க வேண்டும். தொழிலாளர் சிலவேளை ஒன்றை வைக்க மறந்துவிடுவர். கவனமாக இருக்குமாறு எத்தனையோ முறை அறிவுறுத்தியும் பயன் இல்லை.

ஷிங்கோ சொன்ன தீர்வு மிக எளியது. நூற்றுக்கணக்கான சுருள்விற்கள் நிறைந்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதற்கு மாற்றாக, முதலில் இரண்டை மட்டும் எடுத்து ஒரு சிறு தட்டில் வைக்க வேண்டும். பிறகு பொருத்த வேண்டும். பொருத்தி முடித்தபின் தட்டில் ஒன்று எஞ்சியிருந்தால், மறந்தது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தொழிலாளரின் நினைவாற்றல் கூடவில்லை. ஆனால் பிழை நின்றது.

இம்முறைக்கு முதலில் வழங்கிய ஜப்பானியப் பெயர் ‘பாகா – யோகே’. அறிவிலியும் தவறு செய்ய இயலாத அமைப்பு என்பது அதன் பொருள். 1963இல் வேறோர் ஆலையில் அப்பெயரைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, தம்மை அறிவிலி என்று கருதியதாக எண்ணி அழுதுவிட்டார். ஷிங்கோ அப்பெயரையே மாற்றினார். ‘போகா – யோகே’, அதாவது தற்செயலான பிழையைத் தடுத்தல் என்பது புதிய பெயராயிற்று. கருவி மாறவில்லை, மனிதரைப் பற்றிய பார்வை மாறியது. தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் விலகி ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் நிலைபெற்றதும் இத்தகைய மாற்றமே. எனினும், பெயர் மாறினால் மட்டும் போதாது. பொருள்களும் மாற வேண்டும்.

உரோமிலிருந்து அடையாற்றுக்கு

தொழில்துறைக்கு அரை நூற்றாண்டு முன்னரே கல்வித்துறை இவ்வுண்மையைக் கண்டறிந்திருந்தது. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம் நகரில் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான நிறுவனத்தில் பணியாற்றினார். அவருக்கு முன்னோடிகளான பிரெஞ்சு மருத்துவர்கள் இட்டார், செகன் ஆகியோரின் வழியில், கையால் தொட்டு விளையாடிக் கற்கும் கருவிகளை அவர் உருவாக்கினார்.

அவருடைய கருவிகளுள் புகழ்பெற்றது குமிழ் பொருத்திய உருளைகள். மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள். அவற்றுக்குரிய பத்து உருளைகள். ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்தால், இறுதியில் ஏதேனும் ஓர் உருளைக்கு இடமிராது. ‘தவறு’ என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. கட்டையே குழந்தைக்குக் காட்டிவிடும். குழந்தை வெட்கப்படாமல் எடுத்து மாற்றி வைக்கும். ஷிங்கோவின் தட்டில் எஞ்சிய சுருள்வில்லும் மாண்டிசோரியின் கட்டையில் எஞ்சிய உருளையும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. பிழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பொருளிடம் ஒப்படைத்தால், மனிதருக்குக் கற்கும் மகிழ்ச்சி மட்டும் எஞ்சும்.

மாண்டிசோரியிடம் பயின்ற அக்குழந்தைகள் பிற குழந்தைகளுடன் எழுத்துத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றனர். எல்லாரும் அதனை வியந்தபோது, மாண்டிசோரி வேறொன்றை எண்ணி வியந்ததாகப் பதிவு செய்துள்ளார். குறைபாடுடைய குழந்தைகளே இவ்வளவு கற்க இயலுமானால், பிற குழந்தைகளை இவ்வளவு தாழ்ந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பது எது என்பதே அவருடைய வினா. 1907இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் உலகெங்கும் பரவியதற்கு இவ்வினாவே அடிப்படை. 1939இல் அவர் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ மழலையர் பள்ளிகளில் காணப்படும் கருவிகள், முதலில் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளின் கைகளில் பிறந்தவை என்பதைப் பலர் அறியார்.

குறைபாடு எங்கே இருக்கிறது?

அறிவுசார் குறைபாடு என்பது நோயன்று; மருந்தால் தீர்வதுமன்று. சிந்தித்தல், கற்றல், சிக்கலைத் தீர்த்தல் ஆகியவற்றிலும், அன்றாட வாழ்வுக்கு வேண்டிய நடைமுறைத் திறன்களிலும் குறிப்பிடத்தக்க வரம்பு இருத்தலை அச்சொல் குறிக்கும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகப் பதிவு செய்தது. அவர்களுள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் அறிவுசார் குறைபாடுடையோர்.

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007இல் அதனை உறுதி செய்தது. அதன் வழியில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைகள் 6 முதல் 18 வயது வரை கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையை இச்சட்டம் அளிக்கிறது.

சட்டம் தரும் அவ்வுரிமையில் உள்ள ‘18 வயது’ என்னும் எல்லையைச் சற்று நின்று நோக்க வேண்டும். பள்ளி இருக்கும்வரை சிறப்புப் பயிற்றுநர் உண்டு. வட்டார வள மையம் உண்டு. உடன் பயில்வோர் உண்டு. பதினெட்டைக் கடந்தபின் பலருக்கு வீடும் வாசலும் மட்டுமே உலகம். தமக்குப் பின் தம் பிள்ளையின் நிலை என்ன என்னும் வினா பெற்றோரை வாழ்நாள் முழுதும் துன்புறுத்துகிறது. தனியே பேருந்தில் ஏறத் தெரிந்தால், கடையில் மீதிப் பணம் எண்ணி வாங்கத் தெரிந்தால், வழிதவறினால் தொலைபேசியில் அழைக்கத் தெரிந்தால், அவ்வினாவின் கனம் ஓரளவேனும் குறையும். கல்விசார் மின்னணு விளையாட்டுகளின் தேவை இங்குதான் தொடங்குகிறது.

விளையாட்டு ஏன்?

இத்திறன்களைக் கற்க, ஒன்றைப் பலமுறை செய்து பார்க்க வேண்டும். உண்மையான பேருந்து நிலையத்தில் ஐம்பது முறை தவறு செய்து பழக இயலாது. கடைக்காரர் ஐம்பது முறை பொறுமை காக்கமாட்டார். விளையாட்டு பொறுமை காக்கும். ஐம்பதாவது முறையும் முதன்முறை காட்டிய அதே முகத்துடன் அது வரவேற்கும். சலிப்பில்லாத மறுபயிற்சியே அதன் முதற்பயன்.

திரையில் பழகியது தெருவில் பயன்படுமா என்னும் ஐயம் இயல்பானது. 1996இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். கடுமையான கற்றல் இடர்ப்பாடுடைய மாணவர்கள் கணினியில் உருவாக்கப்பட்ட பல்பொருள் அங்காடி ஒன்றில் பொருள் எடுத்துப் பழகினர். பின்னர் உண்மையான அங்காடிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பயிற்சியைப் பெறாத மாணவர்களைவிட அவர்கள் விரைவாகவும் சரியாகவும் பொருள்களை எடுத்தனர். திரைப் பயிற்சி வாழ்க்கைக்குள் கடந்து வரும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அக்கணினி அங்காடி, மாணவர்கள் செல்லவிருந்த அங்காடியை ஒத்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வேற்று நாட்டு அங்காடியில் பழகியவர் ஒரகடத்து மளிகைக் கடையில் திகைத்து நிற்பார்.

நல்ல விளையாட்டின் இலக்கணம்

அறிவுசார் குறைபாடுடையோர்க்கான விளையாட்டு என்றால், பொது விளையாட்டு ஒன்றை எளிமைப்படுத்துவது என்று சிலர் கருதுகின்றனர். அது போதாது. அடித்தளத்திலிருந்தே வேறு வகையில் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, ஒரு திரையில் ஒரு செயல். மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய செய்திகளுக்கு எல்லை உண்டு. பேருந்தில் ஏறுதல் என்பது பிறர்க்கு ஒரு செயல். பகுத்துப் பார்த்தால் நிறுத்தத்தில் நிற்றல், எண்ணைப் பார்த்தல், கை காட்டுதல், இறங்குவோர்க்கு வழிவிடுதல், ஏறுதல், ஊர்ப்பெயர் சொல்லுதல், பணம் தருதல், சீட்டு வாங்குதல் என எட்டுச் செயல்கள். எட்டுக்கும் எட்டுத் திரைகள் வேண்டும்.

இரண்டாவது, கடிகாரம் கூடாது. விரைவை அளக்கும் விளையாட்டு, மெல்லச் சிந்திப்போரை முதல் நொடியிலேயே வெளியேற்றிவிடுகிறது.

மூன்றாவது, தோல்வியை அறிவிக்கும் திரைக்கு மாற்றாகப் படிப்படியான குறிப்புகள் வேண்டும். விளையாடுபவர் தயங்கினால், சரியான பொருள் சற்று ஒளிரட்டும். மேலும் தயங்கினால், ஒரு கை வந்து அதனைச் சுட்டட்டும். அப்போதும் இயலாவிடில், விளையாட்டே ஒருமுறை செய்து காட்டட்டும். அடுத்த முறை இக்குறிப்புகள் ஒவ்வொன்றாகக் குறையட்டும். மிதிவண்டி கற்பிக்கும் தந்தை, பிடித்த கையை எப்போது விட்டார் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை; நல்ல குறிப்பும் அவ்வாறே விலக வேண்டும்.

நான்காவது, நிலைத்த அமைப்பு. முதல் திரையில் வலப்பக்கம் இருந்த பொத்தான் அடுத்த திரையிலும் அங்கேயே இருக்க வேண்டும். ஆலையில் கருவிப் பலகை நாள்தோறும் இடம் மாறினால் எவரால் வேலை செய்ய இயலும்?

ஐந்தாவது, ஒலியும் ஒளியும் விளையாடுபவரின் கட்டுக்குள் இருத்தல். ஆட்டிசம் உடையோர் சிலருக்குத் திடீர்க் கைதட்டல் ஒலியும் மின்னும் ஒளியும் பாராட்டாக அமைவதில்லை. அவை துன்பமாகவே அமைகின்றன.

ஆறாவது, நிலைகளுக்கு மதிப்புமிக்க பெயர். தமிழ்நாட்டின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் கற்றல் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அழைக்கிறது. அரும்பு என்பது மலராமல் தோற்ற மலரன்று, மலரப்போகும் மலர். விளையாட்டின் நிலைகளுக்கும் இத்தகைய பார்வை வேண்டும்.

பேச்சுத் தமிழும் பணத்தாளும்

அயல்நாட்டு விளையாட்டுகளை மொழிபெயர்த்தால் போதும் என்னும் எண்ணமும் உண்டு. தமிழில் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள இடைவெளியை அவ்வெண்ணம் அறியாது. ‘பச்சை நிறப் பொத்தானை அழுத்துக’ என்று திரை சொல்லும். வீட்டில் அம்மா, ‘அந்தப் பச்சையை அமுக்குப்பா’ என்பார். பிறந்தது முதல் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் ஒருவருக்கு, முதல் தொடர் வேற்று மொழியே. கட்டளையைப் புரிந்துகொள்வதிலேயே அவருடைய ஆற்றல் தீர்ந்துவிட்டால், கற்பதற்கு என்ன எஞ்சும்? ஆகவே, குரல் வழிக் குறிப்புகள் வட்டாரப் பேச்சுத் தமிழில் இருத்தல் வேண்டும். வட மாநிலங்களிலிருந்தும் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து இத்தொழில் வழித்தடத்தில் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அவர்தம் மொழிக் குரலையும் தெரிவு செய்யும் வசதி இருந்தால், ஒரே விளையாட்டு பலருக்கும் உதவும்.

படங்களிலும் இதே கவனம் தேவை. பணம் எண்ணக் கற்பிக்கும் விளையாட்டில் கேலிச்சித்திரக் காசுகளை வரைந்தால், அத்திறன் திரையோடு நின்றுவிடும். உண்மையான பணத்தாளின் ஒளிப்படமே வேண்டும். 2018இல் ஊதா நிற நூறு ரூபாய்த் தாள் வெளியானது. பழைய நூறு ரூபாய்த் தாளும் செல்லும். இரண்டும் ஒரே மதிப்பு என்பது பிறர்க்கு வெளிப்படை. நிறத்தைக் கொண்டு பணத்தை அடையாளம் காணும் ஒருவருக்கு, அது தனியே கற்பிக்க வேண்டிய பாடம். இத்தகைய நுட்பங்களை அயல்நாட்டு நிறுவனம் அறியாது. உள்ளூர் ஆசிரியரும் தாயும் அறிவர்.

வயதுக்கு மதிப்பு

இத்துறையில் மிகுதியாக நேரும் பிழை ஒன்றுண்டு. பதினேழு வயது இளைஞரிடம் முயல்குட்டியும் மழலைப் பாட்டும் நிறைந்த விளையாட்டைக் கொடுப்பதே அது. அவருக்கு எண்கள் கடினமாக இருக்கலாம். ஆனால் அவர் குழந்தையல்லர். அண்ணன் ஆலைச் சீருடை அணிந்து நிறுவனப் பேருந்தில் ஏறுவதை அவர் நாள்தோறும் காண்கிறார். அந்தச் சீருடையும் பேருந்தும் அடையாள அட்டையும் அவருடைய கனவிலும் உண்டு. ஆகவே செயல் எளிதாக இருக்கட்டும். சூழல் அவர் வயதுக்குரியதாக இருக்கட்டும். வண்ணம் பிரித்தலைக் கற்பிக்கப் பலூன்கள் தேவையில்லை. உதிரிப் பாகப் பெட்டிகளே போதும். உருவங்களைப் பொருத்தக் கற்பிக்க, கருவிப் பலகையே சிறந்த விளையாட்டுக் களம்.

இது வெறும் கற்பனையன்று. இதே நெடுஞ்சாலையின் மறுமுனையான பெங்களூருவில், அம்பா என்னும் அமைப்பு அறிவுசார் குறைபாடுடையோர்க்குக் கண்ணால் கண்டு பொருத்தும் முறையில் கணினித் தரவுப் பதிவைக் கற்பித்துப் பணிவாய்ப்பை உருவாக்கியுள்ளது. பணி மாறவில்லை, பணிக்குச் செல்லும் வழி மாறியது.

ஐயங்களும் விடைகளும்

குழந்தைகள் திரைக்கு அடிமையாகும் காலத்தில் மேலும் ஒரு விளையாட்டா என்று சிலர் வினவுவர். நியாயமான வினா. வணிக விளையாட்டின் வெற்றி, விளையாடுபவரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதில் உள்ளது. கல்வி விளையாட்டின் வெற்றியோ, அது எப்போது தேவையற்றுப் போகிறது என்பதில் உள்ளது. பத்து நிமிடத்தில் தானே முடிந்து, ‘இப்போது கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வாருங்கள்’ என்று அனுப்பி வைக்கும் விளையாட்டே சிறந்தது.

ஆசிரியரின் இடத்தைக் கருவி பிடித்துக்கொள்ளாதா என்பது அடுத்த ஐயம். பிடிக்க இயலாது, பிடிக்கவும் கூடாது. குழந்தையை அமைதிப்படுத்தக் கைப்பேசியைக் கையில் திணிப்பது கல்வியாகாது. ஐம்பது முறை சொல்லும் வேலையை விளையாட்டு ஏற்றால், ஐம்பத்தோராவது முறை கைப்பிடித்துக் கடைக்கு அழைத்துச் செல்ல ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும்.

சிலருக்காக இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா என்பது மூன்றாவது ஐயம். உரிமை என்பது எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. அதற்கப்பாலும் ஒன்றுண்டு. சக்கர நாற்காலிக்காக அமைத்த சாய்தளத்தில் குழந்தை வண்டியும் முதியவரின் தள்ளாடும் கால்களும் ஏறுகின்றன. பேச்சுத் தமிழில், ஒரு திரைக்கு ஒரு செயலாக, அவசரப்படுத்தாமல் கற்பிக்கும் விளையாட்டு, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பணப் பரிமாற்றச் செயலியைக் கற்பிக்கும். மாண்டிசோரியின் உருளைகள் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்த வழியும் இதுவே.

தொழில் வழித்தடத்தின் கடமை

இவ்விளையாட்டுகளை உருவாக்க வேண்டியவர் எவர்? சென்னையில் ஒரு முன்னுதாரணம் உண்டு. பேச இயலாதோர் படங்களைத் தொட்டால் அவர்களுக்காகப் பேசும் ‘ஆவாஸ்’ என்னும் கருவியை, பொறியாளர் அஜித் நாராயணன் உருவாக்கினார். 1985இல் சென்னையில் தொடங்கப்பட்ட வித்யாசாகர் அமைப்பு அம்முயற்சியில் துணைநின்றது. 2011இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ் வெளியிட்ட 35 இளம் புதுமையாளர் பட்டியலில் அவர் இடம்பெற்றார். பொறியாளரின் அறிவும் சிறப்பாசிரியரின் பட்டறிவும் ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்தது அக்கருவி.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் வழித்தடத்தில் அத்தகைய மேசைக்கு வேண்டிய அனைத்தும் உள்ளன. பிழைத்தடுப்பை அன்றாடம் கையாளும் பொறியாளர்கள் உள்ளனர். வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் இயங்கி வருகிறது. பொருளும் உண்டு. நிறுவனங்கள் சட்டம், 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்பணிகளின் பட்டியலில் சிறப்புக் கல்வியும் மாற்றுத்திறனாளிகளின் தொழில்திறன் வளர்ச்சியும் இடம்பெற்றுள்ளன. ஒரு கட்டடமும் பெயர்ப்பலகையும் எழுப்புவது எளிது. பொறியாளர்களின் நேரத்தையும் அறிவையும் ஈந்து ஒரு விளையாட்டை உருவாக்குவது அரிது. நிலைத்த பயன் தருவதும் அதுவே.

அம்மேசையில் மற்றோர் இருக்கையும் வேண்டும். அது அறிவுசார் குறைபாடுடையோர்க்கு உரியது. இறுதியில் சோதித்துப் பார்க்க மட்டும் அவர்களை அழைத்தல் முறையாகாது. எந்தப் படம் புரிகிறது, எந்தக் குரல் அச்சுறுத்துகிறது, எந்தப் பரிசு மகிழ்விக்கிறது என்பதை முதல் நாளிலிருந்தே அவர்களிடம் கேட்க வேண்டும். சொல்லால் விடை தர இயலாதவர், முகத்தாலும் விரலாலும் விடை தருவார். அதனைப் படிக்கக் கற்பதே வடிவமைப்பாளரின் முதற்பாடம்.

திருப்பெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர். சிலர்க்கு மட்டும் உரியதெனப் போற்றிக் காத்த உபதேசத்தைக் கோபுரத்தின்மீது ஏறி எல்லார்க்கும் உரக்க அறிவித்தவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. அவ்வூரைச் சுற்றியுள்ள ஆலைகளின் மேசைகளில் இன்று ஓர் அரிய அறிவு அடங்கியிருக்கிறது. பிழை நேர்ந்தால் மனிதரைப் பழிக்காமல் அமைப்பைத் திருத்த வேண்டும் என்பதே அவ்வறிவு. அது ஆலையின் மதிலுக்குள் நின்றுவிடாமல் பள்ளிக்கும் வீட்டுக்கும் கைப்பேசித் திரைக்கும் வந்து சேர வேண்டும். அன்று, ‘இவரால் இயலுமா?’ என்னும் பழைய வினா மறைந்து, ‘இவருக்கு இயலும்படி இதனை அமைத்தாயிற்றா?’ என்னும் வினா எழும். அந்த இளைஞர் கீழே வைத்த கைப்பேசியை மீண்டும் எடுப்பார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பிழை நேராதவாறு அமைக்கப்பட்ட பொருள்கள் ஐந்தனைக் கண்டறிந்து, அவை பிழையை எவ்வாறு தடுக்கின்றன என்று எழுதுக.

2. ‘தேநீர் தயாரித்தல்’ அல்லது ‘பேருந்தில் பயணம் செய்தல்’ என்னும் செயலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து வகுப்பில் காட்சிப்படுத்துக.

3. நீங்கள் விளையாடும் கைப்பேசி விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அறிவுசார் குறைபாடுடைய ஒருவர் விளையாடுவதற்கு ஏற்ப அதில் செய்ய வேண்டிய மாற்றங்களைக் குழுவாகக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. ‘பாகா – யோகே’ என்னும் பெயர் மாற்றப்பட்டதன் காரணம் யாது?

2. கல்வி விளையாட்டின் வெற்றி வணிக விளையாட்டின் வெற்றியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

சிறுவினா

1. மாண்டிசோரியின் உருளைக் கட்டையையும் ஷிங்கோவின் சிறு தட்டையும் ஒப்பிடுக.

2. குரல் வழிக் குறிப்புகள் பேச்சுத் தமிழில் அமைய வேண்டும் என்பதற்குக் கட்டுரை கூறும் காரணங்களை விளக்குக.

நெடுவினா

‘பிழை மனிதரிடம் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது’ – இக்கருத்தை நீவிர் ஏற்பீரா, மறுப்பீரா? தக்க சான்றுகளுடன் நிறுவுக.